உள்ளுக்காலதான் போனது, சேர்

1

இதை எழுதச் சொல்லிச் சவிரியண்ணர் என்னைக் கேட்டுக் கனவருசம். ஒவ்வொரு தவக்காலமும் இந்த முறை எப்படியும் எழுதிப்போட வேணும் என்று நினைப்பேன். கதிரையை மேசைக்கு இழுத்துப் போட்டு இருப்பேன். பேனையையும் எடுப்பேன். பிறகு ஏதாவது ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு எழும்பிவிடுவேன்.

எனக்குப் படிப்புக் குறைவு. பள்ளிக்கூடத்தை அரைவாசியில் விட்டுவிட்டு வள்ளம் ஏறினவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. ஆனால் படிப்பில்லாதது மட்டும் காரணமில்லை. இதை எழுதினால் எங்கட கழகத்துப் பழைய ஆட்கள் கோவிப்பார்கள். எழுதாவிட்டால் ஒரு மனுசனுடைய மனம் ஆறாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நான் இவ்வளவு காலமும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.

இனிப் பொத்த ஏலாது. சவிரியண்ணருக்கு வாற கிழமை இருதயத்தில் ஒப்பரேசன். வயது போன ஆள், சீனி வருத்தமும் இருக்கிறது. டொக்டர் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னாராம். ஆனால் இந்த நாட்டில் டொக்டர்மார் எதையும் சிரித்துத்தான் சொல்லுவார்கள். ஆண்டவர் அவரைக் காப்பார் என்று நம்புகிறேன். என்றாலும் அவருடைய காது கேட்கும்போதே இந்தக் கதை சரியாகச் சொல்லப்பட வேணும்.

மன்னார்த் தீவில் பேசாலைப் பக்கம் எங்கட ஊர். ஊரில் உதைபந்தாட்டக் கழகத்துக்கு வெளிச்சவீட்டுக் கழகம் என்று பெயர். சவிரியண்ணர் அதன் கோல் காப்பாளர். கோலி சவிரி என்றால் எருக்கலம்பிட்டியில் இருந்து தலைமன்னார் வரைக்கும் தெரியும். நான் அவருக்கு முன்னால் பின்வரிசையில், பெக் என்பார்கள், விளையாடினவன். அவர் எனக்கு மூத்தவர். அன்றைக்கு அவருக்குக் கிட்ட நின்றவன் நான்தான். அதனால்தான் என்னைக் கேட்டார்.

2

நாங்கள் இப்போது இருப்பது நோர்வேயின் வடக்கில், கடற்கரையோரம் ஒரு சின்னப் பட்டினம். ஊரில் கடல், இங்கேயும் கடல்தான். ஆனால் இந்தக் கடலுக்குள் நான் இதுவரைக்கும் கால் வைத்ததில்லை. வந்த புதிதில் இருந்து மீன் பக்டரியில் வேலை. ஊரில் மீனை உயிரோடு கண்ட எனக்கு, இங்கே தலையில்லாமல் பெட்டியில் வருகிற மீனைத்தான் கண்டு பழக்கம். சவிரியண்ணரும் அதே பக்டரியில் வேலை செய்து பென்சன் எடுத்தவர். இரண்டு பேரும் ஒரே கோயிலுக்குப் போகிறோம். பனி கொட்டினால் நான் காரில் அவரையும் அவருடைய மனைவி மதலேன் அக்காவையும் ஏற்றிக்கொண்டு போவேன்.

விடிகாலையில் பக்டரிக்கு நடக்கும்போது சப்பாத்துக்குக் கீழே பனி நொறுங்கும். அந்தச் சத்தத்தில் எனக்கு எப்போதும் எங்கட மைதானம்தான் ஞாபகம் வரும். எங்கட மைதானத்தில் புல் கிடையாது. கடல் மணலும் சிப்பி நொறுங்கலும்தான். ஓடினால் இதே மாதிரிச் சத்தம் கேட்கும். வெறுங்காலோடு ஓடுவோம், காலைக் கீறும். ஒரு பக்கம் பனங்கூடல், மறு பக்கம் கோயில் மதில். பந்து மதிலுக்கு மேலால் போய், மாதா சுருபம் இருக்கிற குகைக் கெபிக்குள் விழுந்தால், எடுக்கப் போகிறவன் மாதாவுக்கு முன்னால் சிலுவை போட்டுவிட்டுத்தான் எடுத்து வர வேணும். அதுவரைக்கும் ஆட்டம் நிற்கும். எதிர் அணியும் ஒன்றும் சொல்லாது.

இங்கே வந்து சேர்ந்தவர்கள் கொஞ்சப் பேர். இருந்தும் வருசா வருசம் ஊர்க் கோயில் திருநாளை ஒட்டி ஒன்று கூடுவோம். முதல் வருசம் கொம்யூன் கந்தோரில், இந்தப் பட்டினத்து நகரசபையில், மண்டபம் கேட்கப் போனோம். நானும் சவிரியண்ணரும்தான் போனோம். கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை, நல்ல பிள்ளை, ஆறுதலாகக் கேட்டது.

"உங்கள் கழகத்தில் விளையாடுகிறவர்கள் எத்தனை பேர்?"

எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் சொன்னேன். "ஒருவரும் இல்லை."

"பயிற்சி எந்தெந்த நாள்?"

"பயிற்சி இல்லை."

"அப்படியென்றால் கழகம் என்ன செய்கிறது?"

நான் சவிரியண்ணரைப் பார்த்தேன். அவர் தமிழில் சொன்னார்: "சொல்லடா பாவிலு, நாங்கள் முந்தி விளையாடினதைக் கதைக்கிறம் எண்டு."

அதையே நான் சொன்னேன். அந்தப் பிள்ளை எங்களைக் கலாசாரம் என்ற பகுதிக்குள் போட்டு மண்டபத்தைத் தந்தது. இன்றைக்கும் அந்தப் பகுதிக்குள்தான் இருக்கிறோம்.

3

இந்த வருசக் கூட்டம் போன மாதம் நடந்தது. பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, பழங்கதை தொடங்கியது. சுவரில் பழைய படம் ஒன்றைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். நீலச் சட்டை போட்ட பதினொரு பேர். படத்தில் இருந்த அரைவாசிப் பேர் இப்போது இல்லை. கடலில் போனவர்கள், சண்டையில் போனவர்கள், வருத்தத்தில் போனவர்கள். ஒவ்வொருவருடைய பெயரையும் சொல்லி, அவர் அடித்த கோலையும் சொல்லுவோம். பெண்கள் கண் துடைப்பார்கள்.

கடைசியாக எப்போதும் அந்த இறுதி ஆட்டத்தின் கதை வரும். மன்னார் ரவுன் அணியோடு, பட்டினத்துக்காரரோடு, நாங்கள் தோற்ற ஆட்டம். சண்டைக்கு முந்தி எங்கட ஊர் கப்புக்கு அவ்வளவு கிட்டப் போனது அந்த ஒரு முறைதான். இந்த முறை மைக்கைப் பிடித்தவன் என் மகன் அன்ரன். இங்கே பிறந்த பிள்ளை. தமிழ் பேசுவான். ஆனால் கதை சூடு பிடித்தால் நோர்வேஜிய மொழிக்குத் தாவிவிடுவான். தாவினால்தான் மற்றப் பிள்ளைகளுக்கும் விளங்கும் என்பான்.

"பந்து வெளியாலதான் போனது!" என்று அன்ரன் கத்தினான். "எங்கட சவிரிப் பெரியப்பா கோல் கம்பத்தில் சாய்ந்து நிண்டு சிரிக்கிறார். ரெஃபரி கோல் எண்டு ஊதிறான். ஏன்? ஏனெண்டால் அவன் முதல்நாள் இரவு ரவுன்காரரிட்டைச் சாராயப் போத்தில் வாங்கினவன்!"

பிள்ளைகள் எல்லாம் 'பூ' என்று கூவினார்கள். மேசையில் தட்டினார்கள்.

சாராயப் போத்தல் இந்த வருசம்தான் புதிதாக வந்தது. போன வருசம் அது இல்லை. அதற்கு முந்தின வருசம் ரெஃபரி ரவுன் அணியில் யாருக்கோ மச்சான் முறையாக இருந்தார். ஒவ்வொரு வருசமும் அந்த மனுசனுக்கு ஒரு குற்றம் கூடிக்கொண்டு போகிறது.

நான் சவிரியண்ணர் இருந்த பக்கம் பார்த்தேன். கதிரை வெறுமையாக இருந்தது. அவருடைய குளிர்ச்சட்டை மட்டும் கதிரை முதுகில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். பனி வழித்துக் குவித்த கும்பிக்குப் பக்கத்தில், என் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, சட்டையைப் போடுங்கோ. நெஞ்சு வருத்தக்காரன் நிக்கிற இடமே இது?"

"பாவிலு, அந்த மனுசனுக்குச் சாராயம் குடிக்கவே தெரியாது."

"தெரியும் அண்ணை."

"அவரைக் கள்ளன் எண்டு கூவுறாங்கள். சின்னஞ்சிறுசுகள். எனக்கு முன்னால, எனக்காக. நான் இருந்து பாத்துக்கொண்டிருக்கிறன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நான் எத்தினை தரம் உன்னட்டைக் கேட்டிட்டன்?"

"நீங்களே சொல்லலாம்தானே அண்ணை?"

"நான் சொன்னால் கிழவன் பெருமையடிக்கிறான் எண்டுவாங்கள். நிண்டு பாத்தவன் நீதான். நீ சொல்லு."

4

நடந்தது இதுதான்.

எங்கட பக்கத்தில் அப்போது கோல் கம்பத்துக்கு என்று தனி வலை வாங்குகிற வழக்கம் கிடையாது. சாதாரண ஆட்டத்துக்கு வலையே இல்லை. இரண்டு பனங்கம்பும் மேலே ஒரு குறுக்குத் தடியும்தான். இறுதி ஆட்டம் என்றால் மட்டும் ஊர் வள்ளத்து வலையைக் கட்டுவோம். யாருடைய வலையைக் கட்டுகிறது என்பதில் சண்டையே வரும். அது ஒரு மரியாதை. கட்டின பிறகு சுவாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பார். அதற்குப் பிறகு அந்த வலைக்கு நல்லாய் மீன் படும் என்று ஒரு நம்பிக்கை.

அந்த வருசம் சின்னக் கண் வலை எல்லாம் கடலில் கிடந்தது. மீன் நல்லாய்ப் பட்ட காலம், ஒருவரும் வலையைக் கரைக்கு எடுக்க மனமில்லை. கிடைத்தது ஒரு பழைய திருக்கை வலை. திருக்கை பெரிய மீன், அதன் வலைக்குக் கண்ணும், நூலுக்கு நடுவில் இருக்கிற ஓட்டையும், பெரிது. அதை இரட்டையாக மடித்துக் கட்டினோம். எங்கட பக்கத்துக் கோலுக்குக் கட்டி வர, ஒரு மூலையில் வலை போதாமல் போய்விட்டது. அந்த இடத்தில் ஒற்றையாகக் கட்டினோம். பிறந்ததில் இருந்து வலையோடு கிடக்கிற ஆட்கள் அத்தனை பேர் நின்று பார்த்தோம். ஒருவருக்கும் பிழையாகத் தெரியவில்லை. மீன் போகுமா என்றுதான் எங்கட கண் பார்த்ததே தவிர, பந்து போகுமா என்று பார்க்கவில்லை.

காலையில் முழு அணியும் சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, பூசை கண்டு, நன்மை என்கிற நற்கருணை அப்பத்தை நாக்கில் வாங்கினோம். அதுவும் எங்கட கழகத்து வழக்கம்தான். நீலச் சட்டையோடு வரிசையாக முழங்காலில் நின்றதைப் பார்த்து, "இண்டைக்கு மட்டும் சம்மனசுகள் மாதிரி இருக்கிறாங்கள்" என்று எங்களைத் தேவதூதராக்கிப் பெண்கள் சிரித்தார்கள்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. ரவுன் அணியின் கறுத்த மெல்லிய பெடியன் ஒருவன் என்னைத் தாண்டிப் போனான். தாண்டவிட்டேன்தான், என்ன செய்கிறது, அவனுடைய ஓட்டம் அப்படி. நிலத்தோடு நிலமாக அடித்தான். சவிரியண்ணர் முழு நீளத்துக்கும் பாய்ந்தார். பந்து அவருடைய கைக்கும் கம்பத்துக்கும் நடுவால் உள்ளுக்குப் போய், அந்த ஒற்றை வலை கட்டின மூலையில் பட்டு, உக்கின நூலை அறுத்துக்கொண்டு பின்னால் பனங்கூடலுக்குள் ஓடியது.

ரெஃபரி தூரத்தில் இருந்து ஓடி வந்தார். எங்கட ஆட்களின் முதுகுகள் அவருக்கு மறைத்தன. பந்து வெளியே கிடந்ததைக் கண்டார். வெளியால் போய்விட்டது என்று கையைக் காட்டினார். ரவுன் அணி அவரைச் சுற்றி வளைத்தது. எங்கட சனம் கயிற்றைத் தாண்டி உள்ளுக்குள் வந்தது. ரெஃபரி கோட்டில் கொடியோடு நின்றவரைக் கேட்டார். அவர் தனக்குத் தெரியாது என்று தலையை ஆட்டினார்.

ரெஃபரி தீவுக்கு வெளியே பெரிய நிலத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வெள்ளைக் களிசான் போட்டுக்கொண்டு சைக்கிளில் வந்தவர். சனத்தை விலக்கிக்கொண்டு நேரே சவிரியண்ணரிடம் வந்தார். சவிரியண்ணர் இன்னும் மணலில் முழங்காலில் இருந்தார்.

"தம்பி, நீ சொல்லு. நீ சொல்லுறதைத்தான் நான் எடுப்பன்."

ஊரே கத்தியது. "வெளியால! வெளியாலயடா சவிரி!" சந்தியோகுச் சம்மாட்டி, அவர்தான் கழகத் தலைவர், அவருடைய வள்ளத்தில்தான் சவிரியண்ணர் தொழில் செய்தார், அவரும் கத்தினார்.

சவிரியண்ணர் எழும்பி மணலைத் தட்டினார். "உள்ளுக்காலதான் போனது, சேர்," என்றார்.

அவ்வளவுதான். ரெஃபரி விசிலை ஊதி நடுக்கோட்டைக் காட்டினார்.

5

ஆட்டம் முடிந்து ரெஃபரிக்கு ஈர மண்ணால் எறிந்தார்கள். சைக்கிளுக்குக் காற்றைத் திறந்துவிட்டார்கள். அந்த மனுசன் ஒன்றும் பேசாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு மன்னார் றோட்டால் நடந்தார். சவிரியண்ணர் சட்டையும் மாற்றாமல் கூடப் போய், சந்தி வரைக்கும் பின்னால் பிடித்துத் தள்ளிவிட்டார். அங்கே வைத்து ரெஃபரி சொன்னாராம்: "தம்பி, நீ பொய் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சந்தோசமாய் வீட்டை போயிருக்கலாம்." சவிரியண்ணர் சொன்னாராம்: "நீங்கள் கேக்காமல் விட்டிருக்கலாம் சேர்." இரண்டு பேரும் சிரித்தார்களாம்.

ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த நாள் சவிரியண்ணர் கரைக்குப் போனார். வள்ளம் அவரை ஏற்றாமல் போய்விட்டது. வேறு வள்ளங்களும் ஏற்றவில்லை. "இவனைக் கொண்டு போனால் பட்ட மீனையும் போ போ எண்டு விட்டிடுவான்" என்று பகிடி பண்ணினார்கள். கோயிலில் அவர் இருந்த வாங்கில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். மாதக்கணக்காய் அப்படி. அவருடைய தாய் கருவாடு காயப்போடுகிற கூலிக்குப் போய்த்தான் அடுப்பு எரிந்தது.

ஒரு ஞாயிறு பூசை முடிய, கோயில் வாசலில் சந்தியோகுச் சம்மாட்டி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "நான் விசாரிச்சனான். ரெஃபரி ரவுன்காரரோட கதைச்சு வைச்சிட்டுத்தான் வந்தவன். எங்கட பெடியன் பாவம், பயத்தில என்ன சொன்னான் எண்டு அவனுக்கே தெரியாது." சொல்லிவிட்டுச் சவிரியண்ணரின் தோளில் கையைப் போட்டார். சனத்துக்கும் அப்படி ஒரு கதைதான் தேவைப்பட்டிருந்தது. யாரும் மறுத்துக் கேட்கவில்லை. அடுத்த நாள் வள்ளத்தில் அவருக்கு இடம் இருந்தது.

சம்மாட்டி நல்ல மனுசன். ஒரு குடும்பம் பட்டினி கிடக்கக்கூடாது என்று சொன்ன பொய் அது. சவிரியண்ணரும் வயிற்றுக்காக வாயை மூடினார். பிறகு கலியாணம், சண்டை, படகேறி இந்தியா, முகாம், இங்கே. அந்தக் கதையும் எங்களோடு கூடவே வந்தது. வர வர, பயத்தில் உளறினார் என்பதும் இல்லாமல் போய், அவர் வாயே திறக்கவில்லை என்று ஆகிவிட்டது.

போன மாதக் கூட்டத்தன்று, மண்டபத்துக்கு வெளியே காருக்குள் இருந்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பாவிலு, நான் பெரிய நல்லவன் இல்லை. குடிச்சிருக்கிறன், அடிபட்டிருக்கிறன், மனுசியை அழவைச்சிருக்கிறன். அண்டைக்கு மட்டும், காலமை நன்மை வாங்கின வாயால பொய் வரேல்லை. ஆண்டவருக்கு முன்னால கொண்டுபோய் வைக்க என்னட்டை இருக்கிறது அது ஒண்டுதான். நீங்கள் எல்லாரும் என்னை மன்னிச்சு மன்னிச்சு, அதையும் இல்லாமல் பண்ணிப்போட்டியள்."

காரை ஸ்டார்ட் பண்ணினேன்.

6

நேற்று ஞாயிறு. பூசைக்குப் பிறகு சவிரியண்ணர் வீட்டுக்குப் போய், மேலே எழுதியிருக்கிறதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அன்ரனையும் கூட்டிக்கொண்டு போனேன். மதலேன் அக்கா தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தா. அவ கொண்டச்சிப் பக்கம். கலியாணம் முடித்து எங்கட ஊருக்கு வந்தவ. அந்த ஆட்டம் நடக்கும்போது ஊரில் இல்லை. அது எனக்கு அப்போது யோசனைக்கு வரவில்லை.

நாலாவது பகுதி வாசித்து முடிய, அவ கேத்தலைக் கீழே வைத்தா.

"என்னப்பா இது? அப்ப அந்த ரெஃபரி கள்ளன் இல்லையே?"

சவிரியண்ணர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"இவ்வளவு காலமும் வருசா வருசம் அந்த மனுசனைத் திட்டித் தீர்த்தனே! நாசமாய்ப் போவான் எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன்! வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"நீயும் ஊராக்கள் மாதிரிக் கோவிப்பாயெண்டு நினைச்சன்."

"கோவிப்பனோ?" அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தா. "உண்மை பேசின மனுசனை முடிச்சிருக்கிறன் எண்டு எனக்கும் கொஞ்சம் பெருமையாய் இருந்திருக்குமே. அந்த வாத்தியார் உயிரோட இருக்கிறாரோ என்னவோ. அடுத்த ஞாயிறு அவருக்கு ஒரு பூசை ஒப்புக்குடுக்க வேணும்."

அன்ரன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். பிறகு சொன்னான்: "பெரியப்பா, நான் சாராயப் போத்தில் எண்டு சும்மா சேர்த்தனான். பிள்ளையள் சிரிப்பாங்கள் எண்டு. சொறி."

"அதுக்கு முந்தினது எல்லாம் நாங்கள் சேர்த்தது மகன்," என்றார் சவிரியண்ணர்.

"வாற வருசம் நான் இதைத்தான் சொல்லப்போறன். இது எங்கட கதையை விட நல்லாயிருக்கு."

அந்தப் பிள்ளை, அரைத் தமிழில் பேசுகிற பிள்ளை, எங்களுக்கு விளங்காமல் போனதை ஒரே தரத்தில் விளங்கிக்கொண்டான். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. கடதாசிகளை மடித்து எழும்பினேன். சவிரியண்ணர் கையைக் காட்டி மறித்தார்.

"இரு பாவிலு. ஒரு பிழை இருக்கு."

"என்ன அண்ணை?"

"பந்து என்ரை கையில பட்டது. நீ அதை எழுதேல்லை."

"கைக்கும் கம்பத்துக்கும் நடுவால போனது எண்டு எழுதியிருக்கிறன்தானே."

"அதுதான் பிழை எண்டுறன். பட்டது. இந்த விரல்." வலது கை நடுவிரலை நீட்டிக் காட்டினார். மீன் வெட்டி வெட்டி வளைந்துபோன விரல். "இன்னும் கொஞ்சம் எட்டியிருந்தால் வெளியாலதான். விசிலும் இல்லை, கேள்வியும் இல்லை. பிடிச்சிருப்பனடா!"

"நான் காணேல்லை அண்ணை."

"உனக்கெங்கே காணுறது? அவன் உன்னைத் தாண்டிப் போக நீ மண்ணுக்குள்ள விழுந்து கிடந்தாய்!"

அன்ரன் விழுந்து விழுந்து சிரித்தான். மதலேன் அக்காவும் சிரித்தா. சவிரியண்ணர் சிரிக்கவில்லை. விரலை நீட்டினபடியே இருந்தார். பதினொரு பேரில் மிச்சமிருக்கிற எங்கள் கொஞ்சப் பேரில், இன்னும் அந்த மணலில் பாய்ந்துகொண்டு இருக்கிறவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குப் பட்டது.

ஊரில் இருக்கிற எங்கட ஆட்களுக்கு ஒரு வேண்டுகோள். வாசித்தவர்கள் இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கோ. வெளிச்சவீட்டுக் கழகத்துப் பிள்ளைகள் இப்போதும் அந்த மைதானத்தில் விளையாடுகிறார்களாம், அவர்களுக்கும் சொல்லுங்கோ. சவிரியண்ணருக்காக ஒரு அருள்நிறைந்த மரியே செபம் சொல்லுங்கோ. ஆனால் கதையில் ஒன்றையும் கூட்ட வேண்டாம், ஒன்றையும் குறைக்க வேண்டாம். அந்த வாத்தியாரைக் கள்ளனாக்கவும் வேண்டாம், எங்கட சவிரியண்ணரைப் புனிதராக்கவும் வேண்டாம். பந்து உள்ளுக்கால்தான் போனது. விரலில் பட்டது என்று அவர் சொல்லுகிறார். நான் காணவில்லை. இந்த இரண்டையும் அப்படியே சொல்லுங்கோ.